ஷூ கம்பெனி வாசலுக்கு ஒரு மின்சைக்கிள்

இராணிப்பேட்டை மாவட்டத்துப் பனப்பாக்கத்தில் 2024ஆம் ஆண்டில் மூன்று மாத இடைவெளிக்குள் இரண்டு அடிக்கல் நாட்டு விழாக்கள் நடந்தன. செப்டம்பர் 28 அன்று நடந்தது டாடா மோட்டார்ஸ் கார் தொழிற்சாலைக்கு. முதலீடு 9,000 கோடி ரூபாய். ஜாகுவார் லேண்ட் ரோவர் சொகுசுக் கார்கள் அங்கே தயாராகும் என்பது அறிவிப்பு. டிசம்பர் 16 அன்று நடந்தது தைவானின் ஹாங் ஃபூ குழுமத்தின் காலணித் தொழிற்சாலைக்கு. முதலீடு 1,500 கோடி. வேலை 25,000 பேருக்கு. இரண்டு கல்லையும் நாட்டியவர் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின். மேடையில் வாசிக்கப்படும் கணக்கு முதலீடும் வேலைவாய்ப்பும். மேடையை விட்டு இறங்கியதும் எழும் கேள்வி வேறு: அந்த 25,000 பேரும் தினமும் காலையில் எதில் ஏறி வேலைக்கு வரப்போகிறார்கள்?

காரில் வரப்போவதில்லை. 2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கார் வைத்திருக்கும் குடும்பங்கள் 6.5 விழுக்காடுதான். காலணி தைக்கும் பெண்ணின் வீடு அதற்குள் அடங்க வாய்ப்பு மிகக் குறைவு.

மின்சைக்கிள் பற்றி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகின்றன: ஒரு மின்சைக்கிள் எத்தனை கார் பயணங்களைக் குறைக்கும்? அந்தக் கேள்வியை அப்படியே கொண்டுவந்து வேலூர், ஆம்பூர் பக்கம் கேட்டால் பதில் ஏமாற்றமாகத்தான் வரும். இங்கே கேட்க வேண்டியது, இன்னும் எந்த வண்டியும் வாங்காதவர் முதலில் எதை வாங்கப்போகிறார் என்பதே. அடுத்த இருபது ஆண்டுகளின் போக்குவரத்தை அந்த முதல் வண்டிதான் தீர்மானிக்கும்.

நீண்டு கிடக்கும் நகரம்

இராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பள்ளிகொண்டா, மாதனூர், ஆம்பூர், வாணியம்பாடி. பாலாற்றை ஒட்டி வரிசையாக அமைந்த தோல் தொழில் ஊர்கள். ஒதுங்கியிருக்கும் பேரணாம்பட்டும் குடியாத்தமும் இந்த வரிசையோடு பிணைந்தவையே. 2019 நவம்பர் 28 முதல் இவை வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டன. தோல் தொழிலுக்கு அந்த எல்லைகள் பொருட்டில்லை. ஒரு ஊரில் பதனிட்ட தோல் இன்னொரு ஊரில் ஷூவின் மேற்பாகமான அப்பராகத் தைக்கப்பட்டு, மூன்றாவது ஊரில் அடிப்பாகம் ஒட்டப்பட்டுப் பெட்டிக்குள் போகும்.

ஆறு, இரயில் பாதை, சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை மூன்றும் இந்தப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ இணையாக ஓடுகின்றன. கம்பெனிகள் சாலையை ஒட்டி. தொழிலாளர்களின் கிராமங்கள் சாலையிலிருந்து உள்ளே தள்ளி. ஆகவே வேலைக்குப் போகும் பயணம் நீளமானதல்ல. பலருக்கு அது ஐந்து, எட்டு, பன்னிரண்டு கிலோமீட்டர். நடப்பதற்கு அதிகம், பேருந்துக்குக் காத்திருக்கக் குறைவு. மின்சைக்கிள் என்ற வண்டிக்கு அளவெடுத்த தூரம் இதுதான்.

மாலை ஷிப்ட் முடியும் நேரத்தில் ஆம்பூர்ப் பக்கம் ஏதாவது ஒரு ஷூ கம்பெனி வாசலில் நின்று பார்த்தால் இன்றைய ஏற்பாடு முழுதும் கண்ணில் படும். கழுத்தில் அடையாள அட்டையும் தோளில் டிபன் பையுமாகப் பெண்கள் கூட்டமாக வெளியே வருவார்கள். ஊர்ப் பெயர் ஒட்டிய கம்பெனி பஸ்களும் வேன்களும் வரிசையில் நிற்கும். ஏறியவர்கள் ஏற, ஒரு பகுதியினர் ஷேர் ஆட்டோவுக்கும் டவுன் பஸ்ஸுக்குமாகப் பிரிவார்கள். ஆண்களில் பலர் மொபெட்டையோ மோட்டார் சைக்கிளையோ உதைத்துக் கிளம்புவார்கள். ஓவர்டைம் முடித்துத் தாமதமாக வரும் பெண்ணுக்குக் கணவனோ அண்ணனோ வண்டி எடுத்து வந்து காத்திருப்பான். அவளுடைய நேரம் எப்போதும் இன்னொருவருடைய நேரத்தோடு கட்டப்பட்டிருக்கிறது.

கம்பெனி பஸ் பெரிய வசதி என்பதை மறுக்க முடியாது. அடுத்த கம்பெனிக்கு அப்படியொரு பஸ் இல்லாவிட்டால் அங்கே மாறுவதைப் பற்றி ஒரு பெண் யோசிக்க முடியாது என்பதும் உண்மை. கூடுதல் கூலி தரும் இடம் ஆறு கிலோமீட்டரில் இருந்தும் போக வழியில்லை என்றால் அந்தக் கூலி இருந்தும் இல்லாததுதான்.

சட்டம் கண்டுகொள்ளாத வண்டி

மின்சைக்கிளை அருகில் வைத்துப் பார்த்தால் அதில் மர்மம் ஏதுமில்லை. பின்சக்கரத்தின் நடுவே ஹப் மோட்டார். ஃபிரேமின் சாய்குழாயில் பூட்டுடன் கூடிய பேட்டரிப் பெட்டி. சாவி போட்டால் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோகலாம். பெடல் அச்சில் காந்தங்கள் பதித்த சிறு வட்டு. கால் சுற்றத் தொடங்கியதை அது உணர்ந்து கண்ட்ரோலருக்குச் சொல்ல, மோட்டார் பின்னாலிருந்து தள்ளும். பிரேக் பிடியில் ஒரு கம்பி. பிடியை இழுத்த நொடியில் மோட்டார் மின்சாரத்தை இழக்கும். பேட்டரி தீர்ந்தால் சாதாரண சைக்கிளாக மிதித்து வீடு வரலாம். பேட்டரி ஸ்கூட்டரில் இந்தக் கடைசி வசதி கிடையாது.

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும், பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருந்தால் அது மோட்டார் வாகனமே அல்ல. பதிவு எண் வேண்டாம், ஓட்டுநர் உரிமம் வேண்டாம், காப்பீடும் கட்டாயமில்லை. உரிமம் எடுக்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அலைய முடியாத பெண்ணுக்கு இது பெரிய விடுதலை.

அந்த விடுதலைக்குள் ஒரு பொறியும் இருக்கிறது. மோட்டார் வாகனம் அல்ல என்றான பிறகு, மோட்டார் வாகனங்களுக்கான சலுகைகளும் அதற்குக் கிடையாது. 2019இல் தொடங்கிய மத்திய அரசின் மின்வாகன மானியத் திட்டமான ஃபேம்–2இன் தொடக்க ஒதுக்கீடு 10,000 கோடி ரூபாய். அதில் இருசக்கர வண்டிக்கு மானியம் வேண்டுமானால் குறைந்தது 40 கிலோமீட்டர் உச்ச வேகமும், ஒரு சார்ஜில் 80 கிலோமீட்டர் ஓட்டமும் வேண்டும் என்பது நிபந்தனை. மெதுவாகப் போகும் வண்டி அந்த வாசலிலேயே நின்றுவிட்டது. 2024 அக்டோபரில் 10,900 கோடி ஒதுக்கீட்டில் வந்த பிஎம் இ–டிரைவ் திட்டத்திலும் மானியம் பதிவு பெறும் வண்டிகளுக்கே.

தமிழ்நாட்டில் மின்வாகனங்களுக்குச் சாலை வரி விலக்கு உண்டு. வரியே இல்லாத மின்சைக்கிளுக்கு அந்த விலக்கால் ஒரு பைசா லாபமில்லை. யாருக்கு லாபம் என்று பார்க்க ஒரு சிறு கணக்குப் போதும். 2023 நவம்பரில் திருத்தப்பட்ட விகிதப்படி 10 இலட்சத்துக்கும் 20 இலட்சத்துக்கும் இடைப்பட்ட காருக்கு ஆயுள் வரி 15 விழுக்காடு. 15 இலட்ச ரூபாய் மின்சாரக் கார் வாங்குகிறவருக்கு மிச்சமாகும் தொகை ஏறத்தாழ இரண்டேகால் இலட்சம். 30,000 ரூபாய் விலையில் ஏழு மின்சைக்கிள் வாங்க அது போதும்.

சரக்கு மற்றும் சேவை வரி இன்னும் வேடிக்கை. 2019 ஆகஸ்டிலிருந்து மின்சாரக் காருக்கு 5 விழுக்காடு. மிதித்தே ஓட்டும் சாதாரண சைக்கிளுக்கு 2025 செப்டம்பர் வரை 12 விழுக்காடு. ஆறு ஆண்டுகளாகச் சைக்கிள் வாங்கியவர் கார் வாங்கியவரைவிட இரண்டு மடங்குக்கு மேலான விகிதத்தில் வரி கட்டினார்.

பன்னிரண்டாம் வகுப்போடு நிற்கும் சைக்கிள்

பெண்ணையும் சைக்கிளையும் சேர்த்துப் பார்க்கத் தமிழ்நாட்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் ஓட்டக் கற்பதையும் எழுத்தறிவின் ஒரு பகுதியாக்கினார். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் மிதிக்கக் கற்றுக்கொண்டார்கள். கல்குவாரித் தொழிலாளர்களும் விவசாயக் கூலிகளும் அவர்களில் இருந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பதிவு செய்ததால் அந்தக் கதை உலகம் சுற்றியது.

2001–02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லாச் சைக்கிள் வழங்கும் திட்டம் வந்தது. 2005–06 முதல் அது அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர் அனைவருக்கும் விரிந்தது. பீகார் 2006இல் இதே போன்ற திட்டத்தை எடுத்துக்கொண்டபோது பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதன் விளைவை அளந்தார்கள். வயதுக்கேற்ற வகுப்பில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் அளவு 32 விழுக்காடு உயர்ந்திருந்தது; ஆண்–பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்திருந்தது. மாணவிகள் கையில் கிடைத்தது இரண்டு சக்கரமும் ஒரு சங்கிலியும்தான்.

ஆம்பூர்ப் பக்கத்து மாணவியும் அரசு தந்த சைக்கிளில்தான் பள்ளிக்குப் போகிறாள். பன்னிரண்டாவது முடித்து ஷூ கம்பெனியில் சேர்ந்ததும் கம்பெனி பஸ் வந்துவிடுகிறது. சைக்கிள் தம்பிக்குப் போகிறது, அல்லது தாழ்வாரத்தில் சாய்கிறது. பதினாறு வயதில் சைக்கிள் கொடுத்த அரசு பதினெட்டு வயதில் அவளை விட்டுவிடுகிறது.

நடுவில் ஒரு முயற்சி நடந்தது. 2018 பிப்ரவரி 24 அன்று பிரதமர் நரேந்திர மோடி சென்னையில் தொடங்கிவைத்த அம்மா இருசக்கர வாகனத் திட்டம், வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதைக் கொடுத்தது. ஸ்கூட்டர் வாங்கிய பெண்கள் பலரின் வாழ்க்கை அதனால் மாறியது. ஆனால் அதற்கு உரிமம் வேண்டும், மீதிப் பணம் வேண்டும், மாதாமாதம் பெட்ரோல் போட வேண்டும். அந்த 25,000 ரூபாய் ஒரு மின்சைக்கிளின் விலையில் பெரும்பகுதி.

இலவசப் பேருந்தோடு போட்டி

செலவுக் கணக்கைப் பார்க்கலாம். சந்தையில் பரவலாக உள்ள மின்சைக்கிளில் 36 வோல்ட் பேட்டரி, கொள்ளளவு கால் யூனிட்டைச் சற்றே தாண்டும். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் முழு சார்ஜுக்கு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு. மிதித்தும் மிதிக்காமலும் 25 முதல் 30 கிலோமீட்டர் போகும். போக வரப் பன்னிரண்டு கிலோமீட்டர் பயணிக்கும் ஒருவருக்கு ஒரு நாள் மின்செலவு ஒரு ரூபாய்க்கும் குறைவு. அதே தூரத்துக்கு லிட்டருக்கு 50 முதல் 60 கிலோமீட்டர் தரும் மொபெட் கால் லிட்டரை நெருங்கக் குடிக்கும். லிட்டர் நூறு ரூபாய் என்றால் நாளுக்கு இருபதுக்கு மேல். இருபத்தைந்து வேலை நாளுக்கு ஐந்நூறைத் தாண்டும். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பத்தாயிரம் ரூபாய் அளவில் பேட்டரிச் செலவு வரும் என்று மாதத்துக்குப் பங்கிட்டாலும் மின்சைக்கிளுக்கு அதில் பாதிதான் ஆகிறது.

மொபெட்டை வெல்வது எளிது. வெல்லக் கடினமான போட்டியாளர் இன்னொருவர்: 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். 'விடியல் பயணம்' என்று பெயர் பெற்ற இந்தத் திட்டம் பெண்ணின் பயணச் செலவைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டது. பூஜ்யத்தைவிட மலிவாக எந்த வண்டியும் ஓடாது.

ஆகவே பணத்தில் மின்சைக்கிள் தோற்கும். நேரத்தில்தான் அது ஜெயிக்க வேண்டும். பேருந்து நிறுத்தத்துக்கு நடை, காத்திருப்பு, இறங்கிய இடத்திலிருந்து கம்பெனி வாசலுக்கு மறுபடி நடை. பேருந்து ஓடும் தூரத்துக்கு ஆகும் நேரத்தைவிட இந்த மூன்றுக்கும் ஆகும் நேரம் பல வேளைகளில் அதிகம். சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பஞ்சிங் நேரத்துக்குள் உள்ளே நுழைய வேண்டியவளுக்குக் காலை அரை மணி நேரம் என்ன பெறும் என்பதை அவளே சொல்ல வேண்டும். பேருந்தை விட்டுவிடச் சொல்லும் திட்டம் இங்கே தேறாது. மாதனூர், பள்ளிகொண்டா போன்ற நிறுத்தங்கள் வரை மின்சைக்கிளில் வந்து, அங்கே பத்திரமாகப் பூட்டிவிட்டுப் பேருந்து ஏறவும் வழி செய்யும் திட்டம் தேறும்.

வேலூரின் கார்கள் யாருடையவை?

கார் நெரிசல் என்று இந்தப் பகுதியில் சொன்னால் அது வேலூர் நகரம். அங்கே ஓடும் கார்களுக்கு நகருக்கு வெளியே பிறந்த காரணங்கள் இருக்கின்றன. 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சிறு மருந்தகத்திலிருந்து வளர்ந்த கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் வரையிலிருந்து நோயாளிகள் வருகிறார்கள். காட்பாடி சந்திப்பில் இறங்கி, மேம்பாலம் ஏறி, பாலாற்றைக் கடந்து நகருக்குள் நுழைகிறார்கள். 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய வி.ஐ.டி., 2007இல் குடமுழுக்கு நடந்த ஸ்ரீபுரம் பொற்கோயில் இரண்டும் வேறு திசைகளில் வண்டிகளை இழுக்கின்றன. எல்லாம் சேர்ந்து முட்டுகிற இடங்கள் கிரீன் சர்க்கிளும் ஐடா ஸ்கடர் சாலையும்.

நோயாளியை மின்சைக்கிளில் ஏற்ற முடியாது. சுற்றுலாப் பேருந்தையும் அதனால் குறைக்க முடியாது. மின்சைக்கிளுக்கு இங்கே இடம் இருப்பது உள்ளூர்க் கார்களில்: மருத்துவமனை ஊழியர், பேராசிரியர், வியாபாரி, பிள்ளையை மூன்று கிலோமீட்டரில் பள்ளிக்கு விடும் பெற்றோர். பாகாயத்திலிருந்து நகருக்குள்ளும் காந்தி நகரிலிருந்து காட்பாடிக்கும் தினசரி போகும் குறுந்தூரக் கார்கள் இவை. வேலூரின் மே மாத வெயிலில் வியர்க்க வியர்க்க மிதித்துப் போய் வேலையில் உட்கார யாரும் விரும்புவதில்லை. மோட்டார் தள்ளும் சைக்கிள் அந்தத் தயக்கத்தைக் கொஞ்சம் குறைக்கும்.

வேலூர் 2016 செப்டம்பரில் ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் சேர்ந்தது. புதிய பேருந்து நிலையம் 2022 ஜூனில் திறக்கப்பட்டது. அவ்வளவு பணம் புழங்கிய நகரத்தில், காட்பாடியிலிருந்து பாகாயம் வரை தடையின்றிச் சைக்கிளில் போக இன்றும் வழியில்லை.

உலக அனுபவம்

அமெரிக்காவின் டென்வர் நகரம் 2022 ஏப்ரலில் மின்சைக்கிளுக்கு மானியச் சீட்டு கொடுக்கத் தொடங்கியது. வருமானம் குறைந்தவருக்கு 1,200 டாலர், மற்றவருக்கு 400 டாலர். வாங்கியவர்களிடம் நகராட்சி கேட்டபோது, வாரத்துக்குச் சராசரியாக 3.4 கார் பயணங்கள் (போக வர) குறைந்ததாகத் தெரியவந்தது. ஜெர்மனியில் 2023இல் விற்ற சைக்கிள்களில் பாதிக்கு மேல் மின்சைக்கிள். வீட்டுக்கு வீடு கார் உள்ள நாடுகளில், சைக்கிள் ஏறுகிறவர் காரிலிருந்து இறங்கியே வருகிறார்.

சீனாவின் கதை நமக்கு நெருக்கமானது. அங்கே 30 கோடிக்கும் மேற்பட்ட மின்சைக்கிள்கள் ஓடுகின்றன. குன்மிங் நகரில் கிறிஸ்டோபர் செர்ரி முதலானோர் 2000களின் நடுப்பகுதியிலிருந்து நடத்திய தொடர் ஆய்வுகளில், மின்சைக்கிளுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பேருந்திலிருந்தும் சாதாரணச் சைக்கிளிலிருந்தும் வந்தவர்கள். காரிலிருந்து வந்தவர் சொற்பம். ஆண்டுகள் போகப் போக, மின்சைக்கிள் இல்லையென்றால் காரிலோ டாக்சியிலோ போயிருப்போம் என்று சொன்னவர்கள் கூடினார்கள். வருமானம் ஏறியபோது காருக்குத் தாவியிருக்கக்கூடிய பயணங்களை மின்சைக்கிள் பிடித்துவைத்திருந்தது.

தோல் நகரங்களின் வாய்ப்பும் இதுவே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் விவசாயமும் குடிசைத் தொழிலும் அல்லாத வேலைகளில் இருந்த 20 கோடிப் பேரில் 13 விழுக்காட்டினர் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். கார், ஜீப், வேனில் போனவர்கள் மூன்று விழுக்காட்டுக்கும் குறைவு. இந்தச் சைக்கிள்காரர்கள் மொபெட்டுக்கும் பிறகு மோட்டார் சைக்கிளுக்கும் போவது நடந்துகொண்டே இருக்கிறது. அந்த ஓட்டத்தை நடுவில் மறிக்கக்கூடிய வண்டி மின்சைக்கிள்.

தீயும் வேகமும்

2022 மார்ச் கடைசியில் வேலூர் சின்ன அல்லாபுரத்தில் ஒரு வீட்டில் இரவு சார்ஜ் போட்டிருந்த பேட்டரி ஸ்கூட்டர் தீப்பிடித்தது. புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் அவருடைய 13 வயது மகளும் இறந்தார்கள். அந்த மாதங்களில் நாட்டின் பல இடங்களில் இதுபோல் வண்டிகள் எரிந்தன. மத்திய அரசு நிபுணர் குழு அமைத்து, ஏஐஎஸ்–156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதியைக் கடுமையாக்கி, 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரண்டு கட்டங்களில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

மோட்டார் வாகனம் என்ற வரையறைக்கு வெளியே நிற்கும் மின்சைக்கிளை அந்த விதி நேரடியாகத் தொடாது. உதிரி பேட்டரி செல்களை வாங்கி உள்ளூரில் கட்டித் தரும் பேட்டரிகளையும், விலை மலிவான சார்ஜர்களையும் கேட்பாரில்லை. சீனாவின் நான்ஜிங் நகரில் 2024 பிப்ரவரியில் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நிறுத்தியிருந்த மின்சைக்கிள்களில் தொடங்கிய தீ 15 பேரைக் கொன்றது. ஒற்றை அறையும் ஒற்றை வாசலுமாக வாழும் வீடுகள் நிறைந்த பகுதியில் இரவு முழுக்கச் சார்ஜ் போடுவதுதான் மின்சைக்கிளின் மிகப் பெரிய ஆபத்து.

அடுத்தது சாலை. 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர், நாட்டில் இரண்டாமிடம். மணிக்கு 25 கிலோமீட்டரில் போகும் சைக்கிளைக் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நெடுஞ்சாலையில் இறக்கிவிடுவது குற்றம். இந்த மெதுவண்டியின் வேகக் கட்டுப்பாட்டை நீக்கி, '40 போகும்' என்று விற்கும் கடைகளும் உண்டு. வேகம் கூடிய நொடியில் அது பதிவில்லாத, காப்பீடில்லாத மோட்டார் வாகனம். விபத்து நடந்தால் ஓட்டியவருக்கும் அடிபட்டவருக்கும் காப்பீடு கைகொடுக்காது.

ஊரிலேயே இருக்கும் விடை

மின்வண்டி இந்த மண்ணுக்கு வெளியூர்ப் பொருள் இல்லை. 2008இல் கோவையில் ஹேமலதா அண்ணாமலை தொடங்கிய ஆம்பியர் நிறுவனம் ஆரம்ப நாட்களில் மின்சைக்கிளும் குறைவேக ஸ்கூட்டரும் செய்தது. 2018இல் கிரீவ்ஸ் காட்டன் அதைக் கையகப்படுத்தியது. 2021 நவம்பரில் இராணிப்பேட்டையில் 35 ஏக்கரில் தொழிற்சாலை திறந்தது. பத்து ஆண்டில் 700 கோடி முதலீடு, தொழிலாளர்களில் 70 விழுக்காடு பெண்கள் என்பது அறிவிப்பு. 2024இல் வந்த அதன் நெக்சஸ் ஸ்கூட்டரின் உச்ச வேகம் மணிக்கு 93 கிலோமீட்டர். மானியம் எந்தப் பக்கம் ஓடியதோ வண்டியும் அந்தப் பக்கம் ஓடியது. மெதுவான வண்டிக்கு வாங்குவோர் இருப்பார்கள் என்ற உறுதி கிடைத்தால் அதைச் செய்யும் கைகள் இதே மாவட்டத்தில் இருக்கின்றன.

கூட்டாகச் செலவு செய்வதும் தோல் தொழிலுக்குப் புதிதல்ல. பாலாற்றுப் படுகை மாசு வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிறுத்தியது. தனித்தனியாகச் சுத்திகரிப்பு ஆலை கட்ட முடியாத தோல் பதனிடும் ஆலைகள் சேர்ந்து பங்கு போட்டு நடத்துபவைதான் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள். ஆம்பூரை ஒட்டிய துத்திப்பட்டுப் பக்கம் பத்துக் கம்பெனிகள் சேர்ந்து கழிவுநீருக்குக் குழாய் போட முடியும் என்றால், ஒரு சார்ஜிங் கொட்டகையும் அரை கிலோமீட்டர் சைக்கிள் பாதையும் போட முடியாதா?

அந்தக் கொட்டகை தீ ஆபத்துக்கும் விடை. பகல் எட்டு மணி நேரம் வண்டி கம்பெனியில்தான் நிற்கிறது. வாசலில் காவலாளி இருக்கிறார். சரியான ஒயரிங் இருக்கிறது. தீயணைப்புக் கருவி சட்டப்படி இருக்க வேண்டும். அங்கே சார்ஜ் போட்டால் வீட்டில் இரவு போட வேண்டியதில்லை. கம்பெனிகள் மொத்தமாக வாங்கினால் பேட்டரியின் தரத்தைச் சோதித்து வாங்கலாம். தவணையைச் சம்பளத்தில் சிறு சிறு தொகையாகப் பிடித்துக்கொள்ளலாம். கிராமங்களில் வீட்டிலிருந்தபடி அப்பர் தைக்கும் பெண்களையும் இதில் சேர்க்க வேண்டும். அவர்களுக்கு வேலையைக் கொண்டுவந்து கொடுத்து, தைத்ததை எடுத்துப்போவது இடைத்தரகர். சுமை ஏற்றும் மின்சைக்கிள் ஒன்று தெருவுக்கு இருந்தால் அந்த மூட்டையை அவர்களே கம்பெனிக்குக் கொண்டுசேர்க்கலாம். டெல்லி அரசு 2022இல் சுமை மின்சைக்கிளுக்கு 15,000 ரூபாய் வரை மானியம் அறிவித்தது. இங்கேயும் அது முடியாத காரியமல்ல.

ஆம்பூரில் சாலையை ஒட்டிக் கட்டடங்கள் நெருக்கிவிட்டன. அங்கே ஒவ்வொரு அடி இடத்துக்கும் போராட வேண்டும். பனப்பாக்கத்தில் அந்தச் சிக்கல் இல்லை; நிலம் மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட்டின் கையில் இருக்கிறது. அணுகுசாலையில் தடுப்புடன் சைக்கிள் பாதை, பேருந்து நிறுத்தத்தில் பூட்டி வைக்க இடம், ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் சார்ஜிங் கொட்டகை. இந்த மூன்றையும் மனை ஒதுக்கீட்டு நிபந்தனையிலேயே எழுதிவிட சிப்காட்டால் முடியும். காலணித் தொழிற்சாலை முழு அளவில் ஆள் எடுப்பதற்கு முன் அதைச் செய்தால் செலவு குறைவு. ஆள் எடுத்த பிறகு செய்வதென்றால், அதற்குள் பல ஆயிரம் பேர் கடன் வாங்கி மோட்டார் சைக்கிள் வாங்கியிருப்பார்கள்.